ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின காலை: நேர்ச்சைகளை அவிழ்த்துக்கொள்வது எப்படி?

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, எலூல் மாதம் 29ஆம் தேதி மாலையில் பிறக்கிறது. அன்று காலை ஜெப ஆலயத்துக்குப் போனால், தொழுகை முடிந்த பிறகும் யாரும் கிளம்பாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஆங்காங்கே மூன்று மூன்று பேராக உட்காருவார்கள். எதிரில் ஒருவர் எழுந்து நின்று, கையிலுள்ள பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து ஒரு நீண்ட பத்தியை வேகவேகமாக வாசிப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே வாசகத்தை மூன்று முறை சொல்வார்கள். அப்புறம் நின்றவர் உட்கார, உட்கார்ந்தவர்களில் ஒருவர் எழுந்து நிற்பார். புதிதாகப் போகிறவருக்கு விஷயம் புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு ஹத்தாரத் நெதாரிம் என்று பெயர். கடந்த ஆண்டில் வாய்தவறியோ ஆத்திரத்திலோ பக்தியிலோ செய்துகொண்ட நேர்ச்சைகளை, புத்தாண்டின் தீர்ப்பு நாள் வருவதற்கு முன் அவிழ்த்துக்கொள்ளும் வழக்கம். யூத நெறிக்குள் புதிதாக வந்தவர்கள், வருடக்கணக்காக விலகியிருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், முதல் தடவையாக இந்தக் காலைத் தொழுகைக்குப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். யூதர் அல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் நண்பர்களோடு போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

புத்தகத்தில் உள்ளதை வாசிக்கச் சில நிமிடம்தான் ஆகும். உண்மையான வேலை அதற்கு முந்தின வாரத்தில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் நேரே போய் வாசித்தால் பாதிப் பலன்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சொன்ன சொல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

வேதத்தில் எண்ணாகமம் 30ஆம் அதிகாரம் நேரடியாகச் சொல்கிறது: நேர்ந்துகொண்டவன் தன் சொல்லை மீறக் கூடாது, வாயிலிருந்து வந்தபடியே செய்ய வேண்டும். உபாகமம் 23ஆம் அதிகாரம், நேர்ந்ததைச் செலுத்தத் தாமதித்தாலே பாவம் என்கிறது. நேராமல் இருந்தால் பாவம் இல்லை என்றும் அதே இடத்தில் வருகிறது. பிற்கால ஞானிகள் இன்னும் கடுமையானவர்கள். நேர்ந்துகொள்பவன் எருசலேம் ஆலயம் இருக்கும்போது தனக்கென்று தனியாக ஒரு பலிபீடம் கட்டியவனைப் போன்றவன், அந்த நேர்ச்சையை நிறைவேற்றுகிறவன் அதன்மேல் பலியும் செலுத்தியவனைப் போன்றவன் என்று தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் நெதாரிம் (நேர்ச்சைகள்) பகுதி சொல்கிறது. நேர்வதே சரியில்லை, நேர்ந்துவிட்டால் விடுவித்துக்கொள்வதுதான் நல்லது என்பது அதன் போக்கு.

ஆனால் விடுவிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் அப்படி வெளிப்படையாக ஒரு வசனமும் இல்லை. தகப்பனோ கணவனோ ஒரு பெண்ணின் நேர்ச்சையைக் கேட்ட அன்றே ரத்து செய்யலாம் என்று ஒரு விதி உண்டு, அது வேறு. அறிஞர் ஒருவரிடமோ மூவரிடமோ போய் அவிழ்த்துக்கொள்வது பற்றி, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பே, 'நேர்ச்சைகளை அவிழ்ப்பது காற்றில் பறக்கிறது, ஊன்றிக்கொள்ள அதற்கு இடமில்லை' என்று ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்கிறது. பிறகு தல்மூத் பல ஆதாரங்களைத் தேடுகிறது. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: 'அவன் தன் சொல்லை மீறக் கூடாது' என்றுதானே எழுதியிருக்கிறது? அவன் மீறக் கூடாது, ஆனால் மற்றவர்கள் அவனுக்காக அவிழ்க்கலாம். தன் முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொள்ள யாராலும் முடியாது, எதிரில் ஆள் வேண்டும். மூன்று பேர் உட்காருவது இதற்காகத்தான்.

எதிரில் போய் நிற்க மனம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேதத்தில் வரும் இஸ்ரவேல் தலைவன் யெப்தாவின் கதை இருக்கிறது. போரில் வென்று திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக அவன் நேர்ந்துகொண்டான். எதிர்ப்பட்டவள் அவனுடைய ஒரே மகள். அந்த நேர்ச்சையிலிருந்து அவனை விடுவிக்கப் பிரதான ஆசாரியர் பினெகாஸ் இருந்தார் என்கிறது மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கம். ஆனால் 'அவனுக்குத்தானே தேவை, அவன் வரட்டும்' என்று பினெகாஸ் இருந்தார். 'நான் தலைவன், நான் போய் நிற்பதா?' என்று யெப்தா இருந்தான். இரண்டு பேரின் வீம்புக்கு நடுவில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள்.

முதல் வேலை: பட்டியல் போடுங்கள்

ரோஷ் ஹஷானாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடந்த ஒரு வருடத்தில் என்னென்ன சொன்னீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். பெரிய சத்தியம் எதுவும் செய்யவில்லையே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் யூதச் சட்டத்தில் நேர்ச்சையின் எல்லை நாம் நினைப்பதைவிட விரிந்தது. நான்கு வகையாகத் தேடிப் பார்க்கலாம்.

கோபத்தில் சொன்னவை: 'இனி அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்', 'அவள் சமைத்ததைத் தொட மாட்டேன்' போன்றவை. மிஷ்னாவின் நெதாரிம் பகுதியில் வரும் வழக்குகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். அண்ணன் தம்பி, கணவன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சண்டைகள் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

கஷ்டத்தில் சொன்னவை: குழந்தைக்கு உடம்பு சரியானால் இதைச் செய்கிறேன், இந்த வேலை கிடைத்தால் அதைக் கொடுக்கிறேன் என்பவை.

தர்மம் தருவதாகச் சொன்னவை: ஜெப ஆலயத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மறந்திருக்கலாம். தர்மத்துக்கு வாக்குக் கொடுப்பதும் நேர்ச்சைதான். இதை மட்டும் அவிழ்த்துக்கொள்ளும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ரோஷ் ஹஷானாவுக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள்.

நான்காவது வகைதான் புதிதாக வருகிறவர்களை ஆச்சரியப்படுத்தும். வாயால் எதுவுமே சொல்லாமல், ஒரு நல்ல பழக்கத்தை மூன்று முறை செய்தாலே, 'இது நேர்ச்சை இல்லை' என்று சொல்லி வைக்காதபட்சத்தில், அது நேர்ச்சையின் பலத்தைப் பெற்றுவிடக்கூடும் என்கிறது ஷுல்ஹான் ஆரூஹ் என்ற சட்டத்தொகுப்பு. பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கு முன் கூடுதலாக உபவாசம் இருந்தது, தினமும் சங்கீதத்தில் ஒரு பகுதி வாசித்தது, கடமைக்கு மேற்பட்ட ஒரு கண்டிப்பைக் கடைப்பிடித்தது எல்லாம் இதில் அடங்கும். நெறிக்குள் புதிதாக வருகிறவர்கள் ஆரம்ப உற்சாகத்தில் ஏகப்பட்டதைத் தலைமேல் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஆறு மாதத்தில் மூச்சு வாங்கும். அதனால் இந்த வகையை நிதானமாக யோசித்து எழுதுங்கள்.

இரண்டாவது வேலை: எது அவிழும், எது அவிழாது என்று பிரியுங்கள்

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது எனக்கும் கடவுளுக்கும் நடுவிலானதா, இன்னொரு மனிதருக்குக் கொடுத்த வாக்கா என்று கேளுங்கள். ஹத்தாரத் நெதாரிம் முதல் வகைக்கு மட்டும்தான். வாங்கிய கடன், கையெழுத்திட்ட ஒப்பந்தம், வாடகை, நண்பருக்குக் கொடுத்த வாக்கு எதையும் மூன்று பேர் உட்கார்ந்து கரைத்துவிட முடியாது. அதற்கு அந்த மனிதரிடம்தான் போக வேண்டும்.

இதற்குத் தல்மூத் சொல்லும் கதை சற்றுக் கோரமானது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் உயிருள்ள முயலைத் தின்பதை யூதா அரசன் சிதேக்கியா பார்த்துவிட்டான். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான் நேபுகாத்நேச்சார். சொல்லாமல் இருக்க முடியாமல் தவித்த சிதேக்கியா, நீதிச்சபையிடம் போய் அந்தச் சத்தியத்தை அவிழ்த்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். செய்தி நேபுகாத்நேச்சாரின் காதுக்குப் போனது. அவன் நீதிச்சபையை அழைத்துக் கேட்டான்: சத்தியம் யாருக்குச் செய்யப்பட்டதோ அவர் இல்லாமல் அவிழ்க்கலாமா? கூடாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; பிறகு ஏன் செய்தீர்கள் என்றதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இன்னொருவருக்காகச் செய்த நேர்ச்சையை அவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும் என்ற விதியைப் பேசும் இடத்தில்தான் இந்தக் கதை வருகிறது.

பாவத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த சத்தியங்களிலும் கவனம் தேவை. இனிச் சூதாட மாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கு அதை அவிழ்த்துத் தருவதில்லை என்பதே சட்டத்தின் பொதுவான போக்கு.

மூன்றாவது வேலை: ஞாபகம் இருப்பதைத் தனியாகச் சொல்லுங்கள்

புத்தகத்தில் அச்சிட்ட பொதுவான வாசகம் மறந்துபோன நேர்ச்சைகளுக்கானது. 'அவை பல என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியவில்லை' என்று அதிலேயே வரும். ஒரு நேர்ச்சை உங்களுக்குத் தெளிவாக நினைவிருந்தால் அதை மூவரிடமும் விவரமாகச் சொல்ல வேண்டும்; மூவரில் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். காரணம் எளிது: மேலே சொன்னதுபோல் அவிழ்க்கவே கூடாத ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட நேர்ச்சை இருந்தால் அன்று காலைவரை காத்திருக்காதீர்கள். முன்கூட்டியே யூத மதகுருவான ரபியிடம் போய்ப் பேசுங்கள். மூவரும் பெரிய அறிஞர்களாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒருவராவது இந்தச் சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் உங்களைக் கேள்வி கேட்பார். ஏன் அப்படி நேர்ந்தீர்கள்? அப்போது இது தெரிந்திருந்தால் நேர்ந்திருப்பீர்களா? இதற்குப் பெத்தஹ் என்று பெயர், அதாவது நேர்ச்சைக்குள் நுழைந்து அவிழ்க்க ஒரு வாசல். நேர்ந்த நேரத்தில் ஒரு முக்கியமான விஷயம் மனதில் படவில்லை என்று தெரிந்தால், அந்த நேர்ச்சை வேரோடு பிடுங்கப்படுகிறது, ஆரம்பத்திலிருந்தே இல்லாததாகிறது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு மிஷ்னாவில் ஒரு வழக்கு. தன் மனைவிக்குத் தன்னால் எந்தப் பயனும் கிடைக்கக் கூடாது என்று ஒருவன் நேர்ந்துகொண்டான். அப்படியானால் விவாகரத்து செய்து, திருமண ஒப்பந்தத்தில் எழுதிய 400 தினாரைக் கொடுத்தாக வேண்டும். ரபி அகீவாவும் அப்படியே தீர்ப்புச் சொன்னார். அவன் கெஞ்சினான்: 'அப்பா விட்டுப்போனது மொத்தமே 800 தினார். அண்ணன் தம்பி ஆளுக்கு 400 எடுத்துக்கொண்டோம். அவளுக்கு 200, எனக்கு 200 என்றால் போதாதா?' அகீவா அசையவில்லை. 'உன் தலைமயிரை விற்றாவது கொடுத்தாக வேண்டும்' என்றார். அவன் உடனே, 'இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் நேர்ந்திருக்கவே மாட்டேன்' என்றான். அவ்வளவுதான், நேர்ச்சை அவிழ்ந்தது. அந்த மனைவியும் தெருவுக்கு வரவில்லை. அகீவாவின் பிடிவாதம்தான் வாசலைத் திறந்தது என்பது எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனதைத் தொடுகிறது.

எல்லாக் காரணமும் செல்லாது. ஒரு வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று ஒருவன் நேர்ந்துகொள்கிறான். பிறகு அந்த வீடு ஜெப ஆலயமாகிவிடுகிறது. 'இது ஜெப ஆலயமாகும் என்று தெரிந்திருந்தால் நேர்ந்திருக்க மாட்டேன்' என்று அவன் சொல்லலாமா? ரபி எலியேசர் ஏற்றுக்கொள்கிறார், மற்ற ஞானிகள் மறுக்கிறார்கள். பிற்பாடு புதிதாக முளைத்த ஒன்றைக் காரணமாகக் காட்ட முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த மாதிரி நுணுக்கங்களுக்காகத்தான் தெரிந்தவரிடம் கேளுங்கள் என்கிறேன்.

அன்று காலை

2026இல் இந்த நாள் செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. 2027இல் அக்டோபர் 1, அதுவும் வெள்ளிக்கிழமை. மன்னிப்பு வேண்டும் செலிஹோத் பாடல்கள் அன்று பல ஜெப ஆலயங்களில் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும் என்பதால் தொழுகை சீக்கிரமே தொடங்கிவிடும். நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு) சபைகளில் எலூல் மாதம் முழுக்க வாரநாட்களில் காலைத் தொழுகை முடிந்ததும் கொம்பு ஊதுவார்கள். அன்று மட்டும் ஊத மாட்டார்கள். தொழுகை முடிந்து கொம்புச் சத்தம் கேட்கவில்லை என்றால் அடுத்தது ஹத்தாரத் நெதாரிம்தான்.

நான்கு பேர் சேர்ந்தால் போதும். மூவர் உட்கார்ந்து நீதிமன்றமாகிறார்கள், ஒருவர் நிற்கிறார், பிறகு முறை மாறுகிறது. சில இடங்களில் பத்துப் பேரை உட்காரவைப்பதும் உண்டு. கூட்டம் அதிகமானால் பலர் ஒன்றாக நின்று வாசிப்பார்கள். நெருங்கிய உறவினர்கள் வழக்கு விசாரிக்கும் நீதிபதிகளாக உட்காரக் கூடாது என்றாலும், நேர்ச்சை அவிழ்ப்பதற்கு உட்காரலாம். எனவே அப்பா, அண்ணன், மாமா இருந்தால் அவர்களோடே ஒரு குழு அமைத்துக்கொள்ளலாம். தனியாகப் போயிருந்தால் தயங்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் 'என்னையும் சேர்த்துக்கொள்கிறீர்களா?' என்று கேளுங்கள். அன்றைக்கு எல்லோருக்குமே நான்காவது ஆள் தேவைப்படும்.

உங்கள் முறை வந்ததும் எழுந்து நின்று, 'கேளுங்கள், ஐயன்மீர், தேர்ந்த நீதிபதிகளே' என்ற பொருளுள்ள எபிரேய வரியோடு தொடங்குங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் நண்பர்களாகவோ சட்டம் படிக்காதவர்களாகவோ இருந்தாலும் அந்த நேரத்தில் அவர்கள் நீதிமன்றம். அடுத்து, நேர்ச்சை, ஆணை, விலக்கு, மதுவையும் முடி வெட்டுவதையும் தவிர்க்கும் நசரேய விரதம் என்று எல்லா வகையும் வரிசையாக வரும். கனவில் நேர்ந்தவைகூடப் பட்டியலில் உண்டு.

இதில் ஒரு பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். செய்த நல்ல காரியங்களுக்காக நான் வருந்தவில்லை, அவற்றை நேர்ச்சை என்று சொல்லாமல் செய்திருக்க வேண்டும் என்பதற்காகவே வருந்துகிறேன் என்று அங்கே தெளிவாகச் சொல்கிறீர்கள். உபவாசம் இருந்ததற்காகவோ சங்கீதம் வாசித்ததற்காகவோ வருத்தப்பட்டால் அந்த நன்மையே போய்விடும். வருத்தம் முடிச்சைப் பற்றியது மட்டும்.

எபிரேயம் புரியாவிட்டால் புரிகிற மொழியில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் வருத்தப்பட முடியாதல்லவா? பல பிரார்த்தனைப் புத்தகங்களில் எதிர்ப்பக்கத்தில் மொழிபெயர்ப்பு இருக்கும். முந்தின இரவே ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் முடித்ததும் மூவரும், எல்லாம் உமக்கு அனுமதிக்கப்பட்டது, எல்லாம் உமக்கு மன்னிக்கப்பட்டது என்ற பொருளில் மூன்று முறை சொல்வார்கள். கீழே உள்ள நீதிமன்றத்தில் அவிழ்ந்ததுபோல் மேலே உள்ள நீதிமன்றத்திலும் அவிழட்டும் என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

அத்தோடு உட்கார்ந்துவிடாதீர்கள், இரண்டாவது பத்தி ஒன்று இருக்கிறது. இனி வரும் நாட்களில் தெரியாமல் ஏதாவது நேர்ந்துகொண்டால் அது செல்லாது என்று முன்கூட்டியே அறிவிப்பது. மறந்துபோய்ச் சொல்லிவிடும் சொற்களுக்குத்தான் இது பாதுகாப்பு. அறிவிப்பு ஞாபகத்தில் இருக்கும்போதே வேண்டுமென்று நேர்ந்தால் அந்த நேர்ச்சை நிற்கும். பிற்பகல் தொழுகையில் ஏற்றுக்கொள்ளும் உபவாசத்தையும் இந்த அறிவிப்பு ரத்து செய்யாது.

அன்று வர முடியாதவர்கள்

தவறவிட்டால் பதற வேண்டாம். யோம் கிப்பூர்வரை உள்ள நாட்களில் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செபராத்தி (ஸ்பெயின் வழிவந்த மரபு) சபைகள் சிலவற்றில் ரோஷ் ஹஷானாவுக்கு 40 நாள் முன்பும், யோம் கிப்பூருக்கு 40 நாள் முன்பும்கூடச் செய்கிறார்கள்.

மரபான சபைகளில் பெண்கள் பெரும்பாலும் அன்று காலை வருவதில்லை. கணவனைத் தன் சார்பில் கேட்கச் சொல்லலாம் என்பது தல்மூதிலேயே உள்ள வழி. ஏற்கெனவே மூவர் கூடியிருக்கும் இடமாக இருந்தால் போதும். மற்றவர்கள் யோம் கிப்பூர் மாலையில் சபையாக வாசிக்கும் கோல் நித்ரே என்ற நேர்ச்சை ரத்து அறிவிப்பை நம்பி இருப்பார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு நேர்ச்சை மனதை உறுத்தினால் ரபியிடம் நேரே கேட்பதே முறை. ஆண் பெண் வேறுபாடு பார்க்காத சபைகளில் பெண்களும் மூவரில் ஒருவராக உட்காருகிறார்கள்.

கோல் நித்ரே இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். கோல் நித்ரே சபை முழுவதற்குமானது, அரமேய மொழியில் உள்ளது, அதில் நீங்கள் எதையும் விவரித்துச் சொல்வதில்லை. அதோடு, 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சட்ட அறிஞர் ரபேனு தாம் அதன் வாசகத்தைத் திருத்தி, கடந்த ஆண்டுக்குப் பதிலாக வரும் ஆண்டைப் பற்றியதாக்கினார். அந்தத் திருத்தத்தைப் பின்பற்றும் சபைகளில், பழைய நேர்ச்சைகளை முறைப்படி அவிழ்க்கும் இடம் ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின காலைதான்.

அன்று மதியத்திலிருந்து

வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் மிச்சம் இருக்கும் வரிகளைப் பாருங்கள். மனிதர்களுக்குக் கொடுத்த வாக்குகள் அங்கேதான் இருக்கும். போன் செய்ய வேண்டியவர்களுக்கு மாலைக்குள் செய்துவிடுங்கள், சூரியன் மறைந்த பிறகு பண்டிகையில் போனைத் தொட முடியாது.

அப்புறம், 'ப்லி நேதெர்' என்ற இரண்டு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். 'நேர்ச்சையாகச் சொல்லவில்லை' என்று பொருள். நாளைக்கு வருகிறேன், ப்லி நேதெர். இந்த வருடம் வாரம் ஒருமுறை பாடம் படிக்கிறேன், ப்லி நேதெர். கடைப்பிடிப்புள்ள யூத வீடுகளில் இதைத் தினமும் கேட்கலாம். புதிய பழக்கம் ஒன்றை ஆரம்பிக்கும் முதல் நாளே இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மூன்றாவது நாள் அது நேர்ச்சையாக மாறுமோ என்ற கவலை இல்லாமல் தொடரலாம்.

தர்மத்துக்குத் தொகை சொல்லும்போதும் இப்படியே சொல்லுங்கள். கையில் பணம் இருந்தால் சொல்லிக்கொண்டிருக்காமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள். பண்டிகை நாளில் பணத்தைத் தொட முடியாது என்பதால் அன்று சொன்னதை மட்டும் பண்டிகை முடிந்த பிறகு கொடுக்க வேண்டிவரும். அதை மறக்காமல் இருக்க, பண்டிகை முடிந்த இரவே எழுதி வையுங்கள்.